கண்மாய்க்கு அந்தப் பக்கம்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கக்கா. எனக்கு வேண்டாம், வெயில் பட்டா லேப்டாப் திரை தெரியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஸ்டாப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ல? பதினொன்றரைக்கு விசாரணை. என்னை விசாரிக்கல, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் சாட்சி. ஆனா வந்த கடுதாசியில "கணினியுடன் நேரில் ஆஜராகவும்"னு போட்டிருக்கு. சாட்சியைக் கூப்பிடுறவங்க கணினியை எதுக்குக் கூப்பிடணும்? நான் பேச வேண்டியதை அது பேசுமா? இதைக் கேட்டா வீட்டுல, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு மதி"ங்கிறாங்க. சும்மா இருந்து என்ன ஆச்சு இந்த நாட்டுல, நீங்களே சொல்லுங்க.

உங்க செருப்புல வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்கே, அது கிரஷர் தூசிதான? பாத்ததுமே தெரிஞ்சுச்சு. எங்க வீட்டுத் துணிக்கொடியில போட்டதெல்லாம் அந்தக் கலருதான். உங்க ஊர்லயும் குவாரி வந்துருச்சா? ஆறு மாசமாவா? கல்லுமேடு விலக்குல இறங்கி உள்ள போகணுமா? எத்தனை மணிக்கு வேட்டு வைக்கிறாங்க? பதினொரு மணிக்கா. எங்க ஊர்ல பன்னெண்டுக்கும் நாலுக்கும். சரி, அப்ப உங்களுக்கு நான் ஆதியிலிருந்து விளக்க வேண்டியதில்ல. படிச்சவங்களுக்குத்தான் விளக்கணும்.

எங்க ஊரு கீழக்கரடு. ஊருக்கு வடக்க பாறைக் கரடு, கரட்டை ஒட்டி குவாரி, குவாரிக்கும் கீழத்தெருவுக்கும் நடுவுல கண்மாய். பதினெட்டு வருஷமா வெடிக்கிறாங்க. கீழத்தெருவுல விரிசல் விடாத சுவரே கிடையாது. எங்க வீட்டுல அடுப்படிச் சுவரு வழியா எதுத்த வீட்டு டி.வி. தெரியும். மனு குடுத்தா என்ன பதில் தெரியுமா? "முந்நூறு மீட்டருக்கு அப்பால் பாதிப்பு இல்லை. வீடுகள் பழமையானவை." பழமையானவையாம்! போன வருஷம் பால் காய்ச்சின வீடுக்கா அது, முருகாயி சித்தி வீடு. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டின மாவிலை காயிறதுக்குள்ள சுவரு பிளந்துருச்சு.

நான் யுனிவர்சிட்டியில எம்.ஏ. சமூகவியல், ரெண்டாம் வருஷம். பட்டிமன்றத்துல எங்க டிபார்ட்மெண்டுக்கு நாந்தான். எனக்கு எதிரணியில உட்காரவே பயப்படுவாங்க. பெருமைக்குச் சொல்லல. குவாரியை விரிவாக்கறதுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வருதுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரே யோசனை. வாயால சொன்னா எழுதிக்க மாட்டாங்க. கண்ணால காட்டணும்.

ஹாஸ்டல்ல எனக்கு ரூம்மேட் ஹெலன் ரூபா. திண்டுக்கல்காரி, கணக்கு படிக்கிற பிள்ளை. அவ ஒரு விளையாட்டு வச்சிருப்பா லேப்டாப்புல. எல்லாமே சதுரக் கட்டைங்க. மண்ணு, கல்லு, தண்ணி, மரம், எல்லாம் கட்டை. தோண்டலாம், அடுக்கலாம், ஊரே கட்டலாம். ஜெயிக்கிறது தோக்குறதுன்னு ஒண்ணும் கிடையாது. நான் மொதல்ல அதைக் கிண்டல் பண்ணுவேன், "என்னடி சுண்ணாம்புக் காளவாசல்ல வேலைக்குச் சேந்துட்டியா"ன்னு. அப்புறம்தான் பாத்தேன், அதுல வெடி இருக்கு.

ரெண்டு மாசம் ராத்திரி பகல் பாக்காம நானும் அவளும் எங்க ஊரைக் கட்டினோம். நில அளவை வரைபடத்தை வச்சு அளந்து அளந்து கட்டினோம். கரடு, குவாரிப் பள்ளம், கண்மாய், கீழத்தெருவுல நாப்பத்தோரு வீடு. ரேஷன் கடை வாசல் வேப்பமரம்கூட விடல. கட்டி முடிச்சு, பள்ளத்துல வெடியை வச்சுக் கொளுத்தினா, புஸ்ஸுனு போச்சு. ஒரு பொந்து விழுந்துச்சு, அவ்வளவுதான். கீழத்தெரு அப்படியே நிக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. குவாரிக்காரன் சொன்னதையே அந்த விளையாட்டும் சொல்லுது!

ஹெலன்தான் சொன்னா, கமாண்ட் போட்டு மாத்தலாம்னு. சாய்கோடு போட்டு ஒரு வரி அடிக்கணும். வெடியோட வலு இவ்வளவு, திரி இவ்வளவு நேரம் எரியணும்னு நம்ம இஷ்டத்துக்கு எண்ணு குடுக்கலாம். வலு சாதாரணமா நாலு. நான் பத்து வச்சேன். இருபது வச்சேன். அம்பது வச்சப்போ கீழத்தெரு, ரேஷன் கடை, வேப்பமரம் எல்லாமே ஆகாசத்துக்குப் போயிருச்சு. அது அதிகம். குறைச்சுக் குறைச்சு வந்து முப்பத்தாறுல நிறுத்தினேன். முப்பத்தாறு வச்சா எங்க சுவரு எப்படி விரிஞ்சிருக்கோ அதே மாதிரி சரியுது. முருகாயி சித்தி வீடு, எங்க அடுப்படி, அச்சு அசல்.

ஹெலன் கேட்டா, "முப்பத்தாறு எங்கருந்துடி வந்துச்சு?"

நான் சொன்னேன், "விரிசல்லருந்து வந்துச்சு. விரிசல் உண்மையா இல்லையா?"

"விரிசல் உண்மை. எண்ணு?"

"உண்மையிலருந்து வந்த எண்ணு எப்படிடி பொய்யாகும்?"

கணக்குப் பிள்ளைங்களுக்கு வாதம் வராதுக்கா.

திரியும் அப்படித்தான். அந்த விளையாட்டுல ஒரு நொடிக்கு இருபது துடிப்பு. எண்பதுன்னு போட்டா நாலு நொடியில வெடிச்சுரும். நான் அறுநூறுன்னு வச்சேன், முப்பது நொடி. ஏன்னா அந்த முப்பது நொடியில நான் பேசணும்ல? "பாருங்கள், இதோ நம் கீழத்தெரு, இதோ நாம் பிறந்த வீடு"ன்னு ஆரம்பிச்சு, "இப்போது"ன்னு நான் கையைத் தூக்குறப்போ சரியா வெடிக்கும். பத்துத் தடவை ஒத்திகை பாத்து வச்சேன்.

லீவுல ஊருக்கு வந்து, மொதல்ல ரேஷன் கடை வாசல்லதான் காட்டினேன். சனம் அப்படி ஒரு கூட்டம். வெடிச்சதும் முருகாயி சித்தி "எம் வீடு!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

சீனியம்மாத்தைதான் முன்வரிசை. சொந்த அத்தை இல்ல, ஊர் முறைக்கு. பன்னெண்டு ஆடு வச்சிருந்தாங்க, கண்மாய்க் கரையிலதான் மேய்ப்பாங்க. அவங்க கேட்டாங்க, "எல்லாரும் இருக்காக, என் ஆடுகளைக் காணமே தாயி?" எல்லாரும் சிரிச்சாங்க. அந்த விளையாட்டுல ஆடும் இருக்குக்கா. மறுநாள் அஞ்சு ஆட்டைக் கொண்டு வந்து கண்மாய்க்கு இந்தப் பக்கம், கரையோரமா விட்டேன். வெடி வெடிச்சுச்சு. மேட்டுல இருக்கிற தெரு சரிஞ்சுச்சு. ஆடு அஞ்சும் அசையாம நின்னு அசை போடுது! சனத்துக்குச் சிரிப்புத் தாங்கல. "சீனியம்மா ஆட்டுக்கு வேட்டும் பயப்படுதுடோய்"னு ஒரே கூத்து. அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இன்னொருக்கா போடு தாயி, இன்னொருக்கா போடு"ன்னு கேப்பாங்க. நானும் போடுவேன். ஒரு மாசத்துல முப்பது நாப்பது தடவையாவது போட்டுருப்பேன். சாயங்காலமானா, சீரியல் பாக்கறதுக்குப் பதிலா என் வெடியைப் பாக்க வருவாங்க. கூட்டத்தைக் கட்டி நிறுத்தணும்னா நாலு சிரிப்பு வேணும்கா. மேடை ஏறினவங்களுக்குத் தெரியும்.

ஆடு ஏன் சாகலன்னா, அந்த விளையாட்டுல தண்ணி வெடியைத் தின்னுரும். அது அந்த விளையாட்டோட விதி. தண்ணிக்கு இந்தாண்ட கரையோரம் அண்டிக்கிட்டிருந்தா எதுவும் ஆகாது; தெரு மேட்டுல இருக்கு, அதைத் தண்ணி மறைக்காது. நிஜத்துல அப்படியா? நிஜத்துல கல்லு மேல போய்க் கீழ விழும், தண்ணி என்ன குடை பிடிக்குமா? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. இதைப் போயி தனியா சொல்லணுமா?

ஹெலன் சொல்லத்தான் செஞ்சா. போன்ல பிடிவாதமா நின்னா, "கண்மாயை எடுத்துரு மதி. இல்லாட்டி இது கேம் விதின்னு சொல்லிட்டுக் காட்டு"ன்னு. நான் கேட்டேன், "கண்மாயை எடுத்தா, வரைபடத்துல இருக்கிற கண்மாய் எங்கன்னு குவாரி வக்கீல் கேப்பானா மாட்டானா? இது விளையாட்டு விதின்னு நானே சொன்னா, அப்ப மொத்தமும் விளையாட்டுதானம்பானா மாட்டானா?" ரெண்டு மணி நேரம் வாதம். கடைசியில அவ, "நீ ஜெயிச்சுட்ட, போ"ன்னு வச்சுட்டா. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா ஜெயிச்சேன்னு அவளே ஒத்துக்கிட்டா, அதைக் குறிச்சுக்கங்க.

கருத்துக் கேட்புக் கூட்டத்துலயும் ஜெயிச்சேன். அதிகாரிங்க நாற்காலியை இழுத்துப் போட்டு வந்து பாத்தாங்க. குவாரி மேனேஜர் மட்டும், "பாப்பா பொம்மை விளையாட்டுக் காட்டுது"ன்னு சிரிச்சான். "சார், பொம்மை வீடு விழறதுக்கே இவ்வளவு சனம் அழுதே, நிஜ வீடு விழுந்தப்போ நீங்க எங்க சார் இருந்தீங்க?"ன்னு கேட்டேன். கைதட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. விரிவாக்கத்தை நிறுத்தி வச்சாங்க. குவாரிக்கே பூட்டுப் போடுறதைப் பத்தி அடுத்த கூட்டத்துல முடிவுன்னாங்க. ஊரே என்னைத் தூக்கி வச்சு ஆடுச்சு. அத்தை எனக்குத் திருஷ்டி சுத்திப் போட்டாங்க.

அப்புறம் ஒன்பது நாள் கழிச்சு அது நடந்துச்சு.

குவாரியில ஒரு வழக்கம், உங்க ஊர்லயும் இருக்கும். வேட்டுக்கு முன்னாடி சிவப்புக் கொடி ஏத்தி, மூணு விசில் ஊதணும். மொத விசிலுக்குக் கிளம்பணும், ரெண்டாவதுக்கு எட்டி நடக்கணும், மூணாவதுக்கு ஒரு குருவி இருக்கக்கூடாது. சீனியம்மாத்தை பதினெட்டு வருஷமா மொத விசிலுக்கே ஆட்டை ஓட்டிக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிருவாங்க. புளியமரத்தடியில உட்காந்து வெத்தலை போடுவாங்க. வேட்டு முடிஞ்சுதான் திரும்புவாங்க. அவங்களைப் பாத்து ஊரு மணி சொல்லும்.

அன்னைக்குப் போகல. பன்னெண்டு மணி வேட்டு. கண்மாய்க்கு இந்தப் பக்கம், கரையோரமா நின்னுருக்காங்க, ஆட்டோட. அங்கனயேதான். இந்தத் தண்டி கல்லு ஒண்ணு பறந்து வந்து இடது காலு மேல. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆடு ஏழு போச்சு.

அன்னைக்கு ரெண்டு விசில்தான் ஊதினாங்கன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். நான் அன்னைக்கு ஊர்ல இல்ல, ஹாஸ்டல்ல இருந்தேன், சரி. ஆனா மூணு ஊதியிருந்தா அவங்க எப்படி நின்னுருப்பாங்க? தர்க்கம்னு ஒண்ணு இருக்குல்ல? பெரியாஸ்பத்திரிக்கு நானே போயிக் கேட்டேன்.

"அத்தை, ரெண்டு விசில்தான?"

"மூணு தாயி. மூணும் கேட்டுச்சு."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. மூணு கேட்டிருந்தா ரோட்டுக்குப் போயிருப்பீங்கள்ல?"

"எதுக்குத் தாயி ரோடு வரைக்கும்? இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நித்தம் ரெண்டு தடவை அம்புட்டுத் தூரம் நடந்து எம்புட்டு வருஷம் வீணாப் போச்சு. நீதான காட்டுன, தண்ணிக்கு இந்தப் பக்கம் நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு."

நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா! ஒரு வார்த்தை, ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரல. சொன்னேன்னு யாராவது நிரூபிக்கட்டும். அதை அவங்ககிட்ட எடுத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன், நர்ஸ் வந்து "நோயாளிகிட்ட என்னம்மா சண்டை"ன்னு வெளிய அனுப்பிட்டாங்க. அத்தை படுத்தபடிக்கே என் கையைப் புடிச்சு, "நீ வெசனப்படாத தாயி. நீ சரியாத்தான் காட்டுன. கண்மாயில தண்ணி முழங்காலளவுதான கெடந்துச்சு, சித்திரை மாசம். நான்தான் அதை யோசிக்காம நின்னுட்டேன். ரொம்பிக் கெடந்துருந்தா கல்லு தாண்டியிருக்குமா?"ங்கிறாங்க.

இதையேதான் பாக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. எனக்குப் பரிஞ்சு பேசுறதா நெனப்பு. அதை எப்படியோ கேட்டு குவாரி வக்கீல் மனுவே போட்டுட்டான். "பாதுகாப்பான இடம் எனத் தவறாகக் காட்டி அப்பெண்மணியை அங்கு நிற்கத் தூண்டியது மேற்படி மாணவியின் கணினிக் காட்சியே." மேற்படி மாணவி! அதான் கணினியோட வரச் சொல்லியிருக்கு. இன்னைக்கு அங்க வச்சுப் போட்டுக் காட்டச் சொல்லுவாங்க. ஆடு அஞ்சும் நிக்கும். அது நின்னா குவாரியும் மூடாம நிலைச்சு நிக்கும். கல்லு நானூறு மீட்டர் பறந்துச்சேன்னு ஒருத்தனும் கேக்கப் போறதில்ல, ஆடு ஏன் சாகலன்னுதான் கேப்பான்.

ஹெலன் நடந்ததைக் கேள்விப்பட்டு ஒரு மெசேஜ் அனுப்பினா. ஒத்தை வார்த்தை. "தண்ணி"ன்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் போன் எடுக்கல. இதுதான் தோழமையா?

சரி, இங்க பாருங்கக்கா. சார்ஜ் பதினாலு இருக்கு, போதும். இதான் எங்க ஊரு. இந்த வரி தெரியுதா, கீழ சாய்கோடு போட்டு? கண்மாயோட நாலு மூலைக்கும் எண்ணு குடுத்து, உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் மண்ணா மாறட்டும்னு அடிச்சு வச்சிருக்கேன். நேத்தே அடிச்சுட்டேன். என்டரைத் தட்டினாப் போதும். அப்புறம் வெடி வச்சா ஆடு செத்துரும். "பாருங்கய்யா, நான் காட்டினதுல ஆடு சாகத்தான் செய்யுது"ன்னு சத்தியம் பண்ணிச் சொல்லலாம். பொய்யில்லக்கா. திருத்தம். முன்னாடியே ஹெலன் செய்யச் சொன்னதுதான, கொஞ்சம் தாமதமா செய்யறேன்.

ஆனா தட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துரணும். நீங்க எங்க ஊர் ஆளில்ல. என்னைத் தெரியாது, குவாரிக்காரனைத் தெரியாது. நீங்க நடுவர். நான் இப்பத் தண்ணியோடயே ஒரு தடவை போடுறேன், பாருங்க. பாத்துட்டு நியாயத்தைச் சொல்லுங்க. புத்தி சுவாதீனத்துல இருக்கிற யாராவது இதைப் பாத்துட்டுத் தண்ணிக்கு இந்தப் பக்கம் போயி நிப்பாங்களா? மாட்டாங்கன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, நான் எதையும் மாத்த மாட்டேன், அப்படியே கொண்டு போயி வைப்பேன், நிமிர்ந்து நின்னு பேசுவேன்.

போட்டுட்டேன். முப்பது நொடி. இதான் கரடு, இதான் பள்ளம். அந்த மினுக்கு மினுக்குன்னு இருக்கில்ல, அதான் வெடி. இந்த நீலம் கண்மாய். ஆமா, இதான் அந்த ஆடுக. ஆட்டைப் பாக்காதீங்க, மேல தெருவைப் பாருங்க. பாருங்கள், இதோ நம் கீழத்தெரு, இதோ நாம் பிறந்த வீடு... பழக்கதோஷம், விடுங்க. இப்போ...

பாத்தீங்களா? எங்க அடுப்படிச் சுவரு. அச்சு அசல்.

சொல்லுங்கக்கா. தோணுச்சா அப்படி? தோணலைல்ல?

என்ன சிரிக்கிறீங்க? ஆடா? ஆமா, நிக்குது. அது இருக்கட்டும், நான் கேட்டதுக்குப் பதில்...

உங்க வீடா? உங்க வீடும் கண்மாயை ஒட்டித்தானா? நல்லதாப் போச்சா? எது நல்லதாப் போச்சு?

இல்லக்கா. உங்க கண்மாய் ரொம்பித் தளும்பினாலும்... நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்? அத்தை காலு... இல்ல, தண்ணி குறைச்சலா இருந்ததால இல்ல! அது அவங்க சொன்னது. தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும்... உட்காருங்க, எந்திரிக்காதீங்க, உங்க விலக்கு வந்துருச்சா? ஒரு நிமிஷம். பிள்ளைங்களையா? வேட்டு நேரத்துல பிள்ளைங்களைக் கரைக்கு இந்தப் பக்கம் நிக்க வைக்கவா? யாரு சொன்னா? நான் எங்கக்கா சொன்னேன்!

பைய இறங்குங்க. அக்கா, இங்க பாருங்க, அது விளையாட்டு, அது அந்த விளையாட்டோட விதி, நிஜத்துல... கேக்குதா?

கண்டக்டர் அண்ணே, அதுக்குள்ள ரெண்டு விசில் குடுத்துட்டீங்களே. அக்கா! ரோட்டுக்கு வந்துருங்க! விசில் சத்தம் கேட்டா ரோட்டுக்கு! பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு!

கையாட்டுறாங்க. போயிட்டு வாரேன்னு கையாட்டுறாங்க.

அண்ணே, நிறுத்தச் சொல்லி ஒரு விசில் அடிங்கண்ணே. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், தெரியும். இல்ல, இங்கதான். நான் இங்க இறங்கணும். லேப்டாப்பை மூட நேரமில்லண்ணே, அப்படியே பிடிச்சுக்குவேன். ஒரு விசில் அடிங்கண்ணே.

மணி என்னண்ணே ஆகுது?